ஆகாயத்தில் ஒரு தங்க மலை!

அன்று காலை அடுத்த வீட்டு அலமேலு மாமி உள்ளே நுழையும்போதே முகம் மத்தாப்பாக இருந்தது. உட்காரக்கூட இல்லை, கைபேசியை நீட்டினாள்.

"சங்கதி தெரியுமோ? ஆகாயத்திலே ஒரு தங்க மலை மிதக்கிறதாம்! அமெரிக்காக்காரன் ராக்கெட் விட்டிருக்கானாம். அதைக் கொண்டு வந்து உலகத்திலே இருக்கிற அத்தனை பேருக்கும் பங்கு போட்டால் தலைக்கு நூறு கோடி டாலருக்கு மேலே வருமாம். பேத்தி கல்யாணத்துக்கு முப்பது பவுனுக்கு எங்கே போவேன் என்று நான் தவித்துக் கொண்டிருக்கேன். பகவான் அங்கே மலையாகவே வைத்திருக்கார், பாரேன்!"

காப்பி வந்தது. பாதி டம்ளர் காலியானதும் மாமியின் குரல் தணிந்தது.

"அதைத் தோண்டி எடுக்கக் கம்பெனிகள் எல்லாம் கிளம்பியிருக்காமே! கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பணத்தில் ஒரு லட்சம் அதிலே போட்டு வைத்தால் என்ன? நாலைந்து வருஷத்தில் பத்தாகப் பெருகாதோ?"

சகோதரிகளே! மாமிக்கு அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "விசாரித்துச் சொல்கிறேன்" என்று தப்பித்துக் கொண்டேன். விசாரித்ததில் தெரிந்த சமாசாரங்கள் சுவையாக இருந்தன. அதே செய்தி உங்கள் வீட்டுக் கைபேசிக்கும் வந்திருக்கலாம். அதே சபலம் உங்களுக்கும் தட்டியிருக்கலாம். ஆகவே, கொஞ்சம் கேளுங்கள்.

மலை இருப்பது மெய்தான்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே லட்சக்கணக்கான பாறைகள் சூரியனைச் சுற்றி வருகின்றன. இவற்றுக்குச் சிறு கிரகங்கள் என்று பெயர். குறுங்கோள்கள் என்றும் சொல்கிறார்கள். முதலாவதாக அகப்பட்டது ஸீரிஸ். 1801-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி, ஊரெல்லாம் புது வருஷம் கொண்டாடிக் கொண்டிருந்தபோது, ஸிஸிலித் தீவில் பியாஸி என்ற பாதிரியார் தூரதர்சினியில் அதைக் கண்டுபிடித்தார்.

மாமி சொன்ன மலையின் பெயர் ஸைக்கி. 1852-ல் நேபிள்ஸ் நகரத்தில் டி காஸ்பாரிஸ் என்ற வான சாஸ்திரி கண்டுபிடித்தது. குறுக்களவு ஏறக்குறைய 220 கிலோ மீட்டர். அதில் உலோகம் மிகுதி என்பது விஞ்ஞானிகளின் நம்பிக்கை. ஆனால் தங்க மலை என்பது மட்டும் நம் ஜனங்கள் கை வைத்துச் சேர்த்த சரக்கு. அங்கே இருப்பதாக எதிர்பார்ப்பது முக்கியமாக இரும்பும் நிக்கலுமே!

அந்த நூறு கோடிக் கணக்கு எங்கிருந்து வந்தது? ஸைக்கிக்கு விண்கலம் அனுப்பும் திட்டத்தின் தலைவி லிண்டி எல்கின்ஸ்-டான்டன் என்ற பெண் விஞ்ஞானி. அத்தனை இரும்பையும் பூமியின் கடைவீதி விலைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்று 2017-ல் அவர் விளையாட்டாக ஒரு கணக்குப் போட்டுச் சொன்னார். விடை, ஒன்றுக்குப் பக்கத்தில் பத்தொன்பது பூஜ்யம் போட்ட டாலர்! எண்ணூறு கோடி ஜனங்களுக்கு வகுத்தால் தலைக்கு 125 கோடி டாலர். இது வெறும் கற்பனைக் கணக்கு என்று அவரே சொன்னதை விட்டுவிட்டு, பூஜ்யங்களை மட்டும் உலகம் பிடித்துக் கொண்டது.

விண்கலம் 2023-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி புறப்பட்டது. 2029 ஆகஸ்டில் போய்ச் சேர வேண்டும் என்பது திட்டம். செலவு ஏறக்குறைய 120 கோடி டாலர். அது மலையைச் சுற்றிப் படம் பிடிக்கும், ஆராயும். அதில் மண்வெட்டியும் கிடையாது, கூடையும் கிடையாது. போதாக்குறைக்கு, அந்த மலை முழுவதும் உலோகம் அல்ல, கல்லும் கலந்ததுதான் என்று பின்னால் செய்த அளவுகள் சொல்கின்றன.

வண்டிக் கூலி

சேலத்தில் மாம்பழம் சல்லிசு என்று கேள்விப்பட்டு, சென்னையிலிருந்து வாடகைக் கார் வைத்துக்கொண்டு போய் இரண்டே இரண்டு பழம் வாங்கி வந்தால், அந்தப் பழத்தின் விலை என்ன? சிறு கிரகத்துக் கதையும் அதுதான்.

நிஜமாகவே போய் எடுத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். முதலில் ஜப்பானியர். 2003-ல் ஹயபுசா, அதாவது ராஜாளி, என்ற கலத்தை அனுப்பினார்கள். இடோகாவா என்ற சிறு கிரகத்தைத் தொட்டுவிட்டு, வழியில் படாத பாடு பட்டு, ஏழு வருஷம் கழித்து 2010-ல் அது திரும்பியது. உள்ளே இருந்தது சுமார் 1,500 தூசுத் துகள். எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. நெற்றிக்கு இடும் விபூதி இதைவிட அதிகம்!

ஜப்பானியர் சளைக்கவில்லை. 2014-ல் இரண்டாவது ராஜாளியை ரியூகு என்ற சிறு கிரகத்துக்கு அனுப்பினார்கள். ரியூகு என்றால் நாகலோகத்து மாளிகை. ஆமை முதுகில் ஏறிக் கடலடி மாளிகைக்குப் போன ஒரு செம்படவன் பெட்டி ஒன்றோடு திரும்பியதாகவும், ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் கிழவனாகிப் போனதாகவும் அவர்கள் நாட்டில் ஒரு கதை உண்டு. நல்ல வேளையாக 2020 டிசம்பரில் இந்தப் பெட்டியைத் திறந்தபோது யாரும் கிழவராகவில்லை. உள்ளே 5.4 கிராம் கருமண் இருந்தது. முக்கால் பவுன் எடைகூடத் தேறவில்லை. செலவு சுமார் 2,900 கோடி யென்.

அடுத்தது அமெரிக்கா. ஓசைரிஸ்-ரெக்ஸ் என்ற கலம் 2016-ல் புறப்பட்டு, பென்னு என்ற சிறு கிரகத்தில் மண் அள்ளி, 2023 செப்டம்பர் 24-ந் தேதி யூட்டா பாலைவனத்தில் பெட்டியை இறக்கியது. உள்ளே 121.6 கிராம்! உலகத்திலேயே பெரிய அறுவடை இதுதான். ஓர் ஆழாக்கு அரிசியின் எடைக்குக் குறைவு. மொத்தச் செலவு சுமார் 116 கோடி டாலர். வகுத்துப் பாருங்கள்: கிராம் ஒன்றுக்கு 95 லட்சம் டாலர். நம் கணக்கில் ஒரு பவுன் மண் 7 கோடியே 60 லட்சம் டாலர்!

இது நியாயமான ஒப்புமை அல்ல என்று நீங்கள் சொல்லலாம். வாஸ்தவம். அவர்கள் போனது ஆராய்ச்சிக்காக; வியாபாரத்துக்காக அல்ல. வண்டி பெரிதானால் கூலி குறையும். ஆனால் எத்தனை குறையும்? ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் கிராம் 9,500 டாலர் ஆகிறது. தங்கமோ கிராம் சில நூறு டாலருக்குள் அடங்கிவிடுகிறது. மேலும் வருவது தங்கம் அல்ல, மண். அதில் ஒரு டன்னைச் சலித்தாலும் கிடைக்கும் விலை உயர்ந்த உலோகம் கிராம் கணக்கில்தான் இருக்கும்.

திறக்காத மூடி

கூலி ஏன் இத்தனை? தூரம் அல்ல முக்கியக் காரணம், வேகம். ஓடுகிற ரயிலிலிருந்து ஒரு மூட்டையை வாங்க வேண்டுமானால் நீங்களும் அதே வேகத்தில் பக்கத்தில் ஓட வேண்டும் அல்லவா? பூமிக்கு அருகே வந்து போகும் சிறு கிரகங்களும் அப்படித்தான். அவற்றோடு சேர்ந்து ஓடும் சந்தர்ப்பம் பல வருஷத்துக்கு ஒரு முறையே வாய்க்கும்.

போய்ச் சேர்ந்தால் அங்கே கனமே கிடையாது. கடப்பாரையைப் பாறையில் குத்தினால் பாறை உடைவதற்கு முன் குத்தியவர் எகிறிப் பறந்துவிடுவார். பென்னுவோ கெட்டியான பாறையாகக்கூட இல்லை. பொரி மூட்டை மாதிரி பொலபொலவென்றிருந்தது. தொட்டவுடன் கலத்தின் கை அரை மீட்டர் ஆழம் உள்ளே இறங்கிவிட்டது. கல் மாட்டிக்கொண்டு மூடி சரியாக மூடாமல், அள்ளியதில் கொஞ்சம் வெளியே சிந்தியும் போயிற்று.

பெட்டி பூமிக்கு வந்த பிறகு இன்னொரு கூத்து. மூடியில் இருந்த 35 திருகுகளில் இரண்டு மட்டும் அசைய மறுத்தன! ஊறுகாய் ஜாடி திறக்காவிட்டால் நாம் வெந்நீரில் வைப்போம், கதவிடுக்கில் கொடுத்துத் திருகுவோம். அவர்களால் அது முடியாது. மண்ணில் பூமியின் காற்றுகூடப் படக்கூடாது. இதற்கென்று தனியாகக் கருவி செய்து, மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்து, 2024 ஜனவரியில்தான் திறந்தார்கள். வீட்டு வாசலுக்கு வந்த பெட்டிக்கே இந்தப் பாடு என்றால், கோடிக்கணக்கான மைலுக்கு அப்பால் திருகு மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது?

வட்டி தூங்குவதில்லை

சீட்டுக் கட்டுபவர்களுக்கும் நகை அடகு வைத்தவர்களுக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நாம் தூங்கினாலும் வட்டி தூங்காது.

ரியூகு போய் வர ஆறு வருஷம். பென்னு போய் வர ஏழு வருஷம். 100 ரூபாயைப் பத்து சதவிகிதத்துக்கு வாங்கினால், வட்டிக்கு வட்டி சேர்ந்து ஏழு வருஷத்தில் 195 ரூபாய் ஆகிறது. ஆகவே மண்ணை விற்று முதலைப் போல இரண்டு மடங்கு எடுத்தாலும் வீட்டுக்கு மிஞ்சுவது ஐந்து ரூபாய்தான். அதுவும் கலம் பத்திரமாகத் திரும்பினால்! திரும்பாவிட்டால் வட்டியும் போச்சு, முதலும் போச்சு.

நகை பாத்திரமான கதை

போகட்டும். கூலிக்கும் வட்டிக்கும் ஒரு வழி பிறந்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். மலை வந்து இறங்கிவிட்டது. அப்போதாவது நாம் கோடீசுவரர்களா? அதுவும் இல்லை.

எகிப்து தேசத்தில் சிறு வயதிலேயே இறந்துபோன டூட்டங்காமன் என்ற ராஜாவின் கல்லறையை 1922-ல் கண்டுபிடித்தார்கள். தங்கக் குவியலுக்கு நடுவே ஓர் இரும்புக் கத்தியும் இருந்தது. அது வானத்திலிருந்து விழுந்த எரிகல் இரும்பு என்று 2016-ல் ஆராய்ந்து உறுதி செய்தார்கள். மண்ணிலிருந்து இரும்பு உருக்கும் வித்தை அங்கே பரவாத காலம் அது. ஆகவே இரும்பு ராஜாவுக்கு உரிய பொருள். இன்று அதே இரும்பில்தான் தோசை வார்க்கிறோம்.

அலுமினியத்தின் கதை இன்னும் வேடிக்கை. பிரான்சின் மூன்றாம் நெப்போலியன், முக்கிய விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி போட்டு, மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டி போட்டதாக ஒரு கதை உண்டு. 1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியத்தில்தான் கூம்பு வைத்தார்கள். எடை 100 அவுன்ஸ். விலை அப்போது வெள்ளிக்குச் சமம். ஏற்றுவதற்கு முன்னால் நியூயார்க்கில் ஒரு பிரபல நகைக் கடையில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்!

இரண்டே வருஷம். 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஹால் என்ற இளைஞர் வீட்டுக் கொட்டகையில் மின்சாரத்தைக் கொண்டு அலுமினியத்தைச் சுலபமாகப் பிரித்துவிட்டார். (அவருடைய அக்காள் ஜூலியாவும் ரசாயனம் படித்தவர், பரிசோதனைகளுக்குத் துணை நின்றவர். பேர் என்னவோ தம்பிக்குத்தான் போயிற்று!) அதே வருஷம் பிரான்சில் எரூ என்பவரும் அதே முறையைக் கண்டுபிடித்தார். அப்புறம் என்ன? பத்து வருஷத்துக்குள் விலை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. நகைக் கடையில் இருந்த உலோகம் குண்டான் சட்டியாகி நம் சமையலறைக்கு வந்து சேர்ந்தது.

அலுமினியம் மலிந்ததில் உலகத்துக்கு லாபம்தான், சந்தேகமில்லை. ஆனால் 1884-ல் பெட்டி நிறைய அலுமினியம் வாங்கிப் பூட்டி வைத்தவருக்கு? அருமையாக இருப்பதால்தான் அந்த விலை. அள்ளிக் கொண்டு வந்து கொட்டினால் அருமை போய்விடும், விலையும் போய்விடும். லாரி லாரியாகத் தக்காளி வந்து இறங்குகிற நாளில் என்ன நடக்கிறது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள்.

பிளாட்டினத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வருஷத்துக்கு உலகச் சுரங்கங்களிலிருந்து வருவது 200 டன்னுக்கும் குறைவு. அதில் பெரும் பகுதி தென் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே பூமிக்கடியில் ஆழத்தில், ஒரு டன் பாறைக்குச் சில கிராம் கிடைத்தால் போதும் என்று ஒரு லட்சம் பேருக்கு மேல் உழைக்கிறார்கள். ஆகாயத்திலிருந்து ஒரே வருஷத்தில் இன்னொரு 200 டன் வந்து இறங்கினால், கொண்டு வந்தவருக்கும் விலை கிடைக்காது. தென் ஆப்பிரிக்காவில் அத்தனை குடும்பங்களின் அடுப்பும் அணைந்துவிடும். மாமிக்கு வந்த செய்தியில் இந்தப் பங்கு பிரிவினையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

கம்பெனிகள் என்ன ஆயின?

2012-ல் அமெரிக்காவில் பிளானட்டரி ரிஸோர்ஸஸ் என்ற கம்பெனி தடபுடலாக அறிமுகமாயிற்று. கூகிள் கம்பெனியின் லாரி பேஜ் போன்ற பெரும் தனவந்தர்கள் பணம் போட்டார்கள். லக்ஸம்பர்க் என்ற சின்னஞ்சிறு ஐரோப்பிய நாட்டின் சர்க்காரும் பங்கு வாங்கிற்று. 2018-ல் பணம் வற்றிப்போய், அந்தக் கம்பெனி வேறொரு தொழில் செய்கிற கம்பெனியின் கைக்குப் போயிற்று. லக்ஸம்பர்க்குக்கு நஷ்டம் 1 கோடியே 20 லட்சம் யூரோ. கம்பெனியின் கருவிகள் 2020-ல் ஏலத்துக்கு வந்தன. இதே நோக்கத்தோடு 2013-ல் புறப்பட்ட டீப் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனியும் 2019-ல் வேறு கை மாறிற்று. இரண்டுமே ஒரு குன்றிமணி உலோகம்கூடக் கொண்டு வரவில்லை.

ஆனாலும் ஆசை விடுவதாயில்லை. கலிபோர்னியாவில் 2022-ல் தொடங்கிய ஆஸ்ட்ரோஃபோர்ஜ் என்ற கம்பெனி 2025 பிப்ரவரி 26-ந் தேதி ஓடின் என்ற சிறு கலத்தை ஏவியது. ஒரு சிறு கிரகத்தை அருகில் போய்ப் பார்த்து வருவது உத்தேசம். சில நாட்களுக்குள் கலத்தோடு பேச்சு வார்த்தை அற்றுப் போயிற்று.

இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லக்கூடாது. துணிந்தவர்கள்; படித்தவர்கள். ஆனால் போனால் போகட்டும் என்று விடக்கூடிய பணத்தை வைத்துக்கொண்டு ஆடுகிறவர்கள். பேத்தி கல்யாணப் பணம் அந்த ஜாதி அல்ல.

அங்கே பெறுமானம் தண்ணீருக்கு

அப்படியானால் எந்தக் காலத்திலும் இது கட்டுப்படியாகாதா? ஒரு வழி இருக்கிறது. அது தங்கம் அல்ல, தண்ணீர்!

சில வகைச் சிறு கிரகங்களின் களிமண்ணில் தண்ணீர் கலந்திருக்கிறது. அதைச் சூடேற்றிப் பிரித்து, மின்சாரம் பாய்ச்சினால் பிராண வாயுவும் ஹைட்ரஜனும் கிடைக்கும். முன்னது சுவாசிக்க; இரண்டும் சேர்ந்தால் ராக்கெட்டுக்கு எரிபொருள். இதைப் பூமிக்குக் கொண்டு வர வேண்டியதில்லை, அங்கேயே விற்கலாம். பூமியிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரை மேலே ஏற்ற, இன்றும் சில ஆயிரம் டாலர் ஆகிறது. அதனால்தான் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வியர்வையையும், முகம் சுளிக்காதீர்கள், சிறுநீரையும் சுத்தம் செய்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு தண்ணீரை மீட்டுக் குடிக்கிறார்கள். நம் ஊர்க் கோடைக் காலம் அங்கே வருஷம் முழுவதும்!

ஆகவே பாலைவன வழியில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது போல, விண்வெளியில் எரிபொருள் பந்தல் வைக்கலாம் என்பது கெட்டிக்காரர்களின் யோசனை. இதில் இரண்டு சிக்கல். பந்தலுக்கு வந்து தண்ணீர் வாங்கும் வழிப்போக்கர்கள் இன்னும் மிகச் சிலரே. அடுத்தது, ராக்கெட் கூலி வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. அங்கே போய்த் தோண்டுவதற்கு எந்தக் குறைந்த கூலி உதவி செய்யுமோ, அதே குறைந்த கூலியால் பூமித் தண்ணீரையே மேலே கொண்டு போவதும் மலிந்துவிடும். பக்கத்திலே சந்திரன் வேறு போட்டிக்கு இருக்கிறது. அங்கே நீரின் தடயம் உண்டு என்பதை 2009-ல் உலகுக்குத் தெரிவித்தது நம்முடைய சந்திரயான் சுமந்து சென்ற கருவிதானே!

சொந்தம் யாருக்கு என்ற வழக்கும் பாக்கி. விண்வெளியை எந்த நாடும் பட்டா போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1967-ல் சர்வதேச உடன்படிக்கை ஏற்பட்டது. மலை உனக்கு இல்லை, ஆனால் வெட்டி எடுத்தது உன்னுடையது என்று அமெரிக்கா 2015-லும், லக்ஸம்பர்க் 2017-லும் சட்டம் செய்துகொண்டன. சாமான் வருமுன்பே பாகப் பிரிவினை!

மாமியின் தீர்ப்பு

இவ்வளவையும் மாமியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்போ இத்தனை செலவு செய்து மண்ணைக் கொண்டு வந்தது வீண்தானா?" என்றாள்.

"வீண் இல்லை மாமி. பென்னு மண்ணில், நம் உடம்பைக் கட்டும் புரதத்துக்கு மூலப் பொருள்கள் இருபது என்றால், அதில் பதினான்கு இருப்பதாக 2025-ல் தெரிவித்தார்கள். உயிர் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள அது ஒரு வழி. அதற்குப் பவுன் கணக்கில் விலை போட முடியாது. ஆனால் வட்டியும் கிடைக்காது."

"அப்படியானால் என் ஒரு லட்சம்?"

"தபாலாபீஸிலேயே இருக்கட்டும் மாமி."

மாமி பெருமூச்சு விட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு விஷயமும் சொன்னேன். பூமி உருகிக் குழம்பாக இருந்த காலத்தில் அதிலிருந்த தங்கமெல்லாம் இரும்போடு சேர்ந்து அடி ஆழத்துக்குப் போய்விட்டது. இன்று நாம் தோண்டி எடுக்கும் தங்கத்தில் பெரும் பகுதி, பிறகு வானத்திலிருந்து மழையாகப் பொழிந்த கற்களோடு வந்தது என்பது விஞ்ஞானிகள் பலருடைய கருத்து.

மாமியின் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போயிற்று. "இதுவும் ஆகாயத்திலிருந்து வந்ததுதான் என்கிறாயா?"

"இருக்கலாம் மாமி."

"அதைக் கொண்டு வந்த கூலியை யார் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கவில்லை. தானாக வந்து விழுந்தது. அதனால்தான் கட்டுப்படியாயிற்று!"

மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு கைபேசியை எடுத்து, அந்தத் தங்க மலைச் செய்தியை அனுப்பிய ஒன்றுவிட்ட தங்கைக்குப் பதில் எழுத உட்கார்ந்தாள்.